காட்டுத்தீயின் போக்கைக் கணித்தலும் எரிபொருளைக் குறைத்தலும்: குரங்கணி மலைச்சரிவும் காரைக்கால் கடலோரமும்

ஆய்வுச் சுருக்கம்

காட்டுத்தீ எவ்வளவு வேகமாகப் பரவும், எவ்வளவு வெப்பத்தோடு எரியும் என்பதைக் காற்று, நிலச்சரிவு, எரிபொருள் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் மனிதர் மாற்றத்தக்கது எரிபொருள் ஒன்றே. தீப்பரவலைக் கணிக்கும் கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன, எந்த எரிபொருளை அகற்ற வேண்டும் என அவை காட்டுவது யாது, தமிழ்நாட்டு மலைக்காடுகளுக்கு அவை எந்த அளவு பொருந்துகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. காடற்ற ஆற்றுப்படுகை நிலமாகிய காரைக்காலின் சவுக்குத் தோப்புகளுக்கும் அதே அளவுகோல் பொருந்துமாற்றை எடுத்துக்காட்டி, கருவிகளை இறக்குமதி செய்வதைவிட உள்ளூர் எரிபொருளை அளப்பதே முதற்பணி என்னும் முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: காட்டுத்தீ, எரிபொருட்சுமை, தீப்பரவல் வேகம், உண்ணிச்செடி, சவுக்கு, குரங்கணி, காரைக்கால்.

முன்னுரை

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. கொழுக்குமலைப் பகுதிக்கு மலையேற்றம் சென்று திரும்பிக்கொண்டிருந்தோர் அதில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மரங்கள் அடர்ந்த பெருங்காட்டில் அவர்கள் அகப்படவில்லை. காய்ந்த புல் மண்டிய சரிவிலேயே அகப்பட்டனர் என்பது கருதத்தக்கது. பெருமரங்களின் தீயே பெருந்தீ என்னும் பொதுக்கருத்துக்கு இது மாறானது. புல் ஏன் அத்துணை விரைவாக எரிந்தது, சரிவு அதற்கு எவ்வாறு துணைநின்றது, முன்கூட்டியே கணித்திருக்க இயலுமா என்னும் வினாக்களுக்கு விடைதரும் ஓர் அறிவியல் துறை கடந்த அறுபது ஆண்டுகளில் வளர்ந்துள்ளது.

தீயைப் பற்றிய அறிவு தமிழுக்குப் புதிதன்று. மூங்கில்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தீப்பிறப்பதையும், தினை விதைக்கப் புனம் எரிக்கப்படுவதையும் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. தானே எழும் தீ, மனிதர் வேண்டி இடும் தீ என்னும் இருவகையும் அங்கே காணப்படுகின்றன. இன்று இந்தியக் காடுகளில் எழும் தீயில் மிகப்பெரும்பாலானவை மனிதச் செயலால் விளைபவையே. எனவே தீ எங்கே தொடங்கும் என்பதைவிட, தொடங்கிய தீ எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே கணிப்புக்குரிய பொருளாகிறது.

எரிபொருளை அளத்தல்

காட்டுத்தீயியலில் எரிபொருள் என்பது உயிருள்ளதும் உலர்ந்ததுமான தாவரப் பொருள் அனைத்தையும் குறிக்கும். ஆயினும் எல்லாம் ஒரே வகையில் எரிவதில்லை. உலர்ந்த எரிபொருளை அதன் தடிமனைக் கொண்டு நான்காகப் பகுப்பர். 0.6 செ.மீ.க்குக் குறைந்த தடிமனுள்ள சருகு, புல், நுனிக்குச்சி ஆகியன ஒருமணி எரிபொருள், 0.6 முதல் 2.5 செ.மீ. வரையுள்ள சுள்ளிகள் பத்துமணி எரிபொருள், 7.6 செ.மீ. வரையுள்ள கிளைகள் நூறுமணி எரிபொருள். அதனினும் பருத்த கட்டைகள் ஆயிரமணி எரிபொருள்.

இப்பெயர்கள் எரியும் நேரத்தைச் சுட்டுவன அல்ல. உலரும் நேரத்தைச் சுட்டுவன. சுற்றியுள்ள காற்றின் நிலைக்கேற்ற ஈரப்பதத்தை அடைய ஒரு பொருள் கடக்கவேண்டிய வேறுபாட்டில் ஏறத்தாழ 63 விழுக்காட்டைக் கடக்கும் கால அளவே அது. காலையில் பனியில் நனைந்த புல் நண்பகலுக்குள் தீப்பற்றும் நிலையை அடைவதும், மழைக்குப் பின் வாரக்கணக்கில் அடிமரம் ஈரமாகவே கிடப்பதும் இதனாலேயே. தீயின் முன்விளிம்பை இழுத்துச் செல்வது ஒருமணி எரிபொருளே. பருத்த கட்டைகள் தீ கடந்த பின்னர் நின்று எரிகின்றன.

ஒவ்வொரு வகை எரிபொருளுக்கும் அணைவு ஈரப்பதம் என்னும் எல்லை ஒன்றுண்டு. ஈரம் அவ்வெல்லையைத் தாண்டினால் தீ பரவாது. அமெரிக்காவில் வழங்கும் பழைய பதின்மூன்று எரிபொருள் மாதிரிகளில் குட்டைப்புல்லுக்கு இது 12 விழுக்காடு. இலைச்சருகு வகைகளுக்கு 25 முதல் 30 விழுக்காடு வரை கொள்ளப்படுகிறது.

கணிப்புக் கருவிகளின் தோற்றம்

1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மாண்டனா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் தீயணைப்பாளர் 13 பேர் மாண்டனர். புல் மூடிய செங்குத்துச் சரிவில் மேல்நோக்கி ஓடியவர்களைத் தீ முந்திக்கொண்டது. அவர்களின் தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தித் தம் முன்னிருந்த புல்லுக்குத் தாமே தீயிட்டு, அது எரிந்தவுடன் அச்சாம்பலின்மீது குப்புறப் படுத்து உயிர்தப்பினார். பெருந்தீ அவரைச் சுற்றிக் கடந்து சென்றது. அவர் கிடந்த இடத்தில் எரிவதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. எரிபொருளைக் குறைத்தல் என்னும் கோட்பாடு முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது.

1960இல் அதே மாநிலத்தின் மிசௌலா நகரில் அமெரிக்க வனத்துறையின் தீ ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய பொறியாளர் ரிச்சர்டு ரோத்தர்மல், காற்றுச் சுரங்கத்தில் நிகழ்த்திய எரிப்புச் சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு 1972இல் தீப்பரவல் சமன்பாட்டை வெளியிட்டார். அதன் உட்கருத்து எளிது. எரியும் பொருளிலிருந்து அடுத்துள்ள எரியாத பொருளுக்குச் செல்லும் வெப்பத்தை, அப்பொருளைத் தீப்பற்றும் நிலைக்குக் கொணரத் தேவையான வெப்பத்தால் வகுத்தால் தீ முன்னேறும் வேகம் கிடைக்கும். காற்றும் சரிவும் தழலை எரியாத பொருளின் பக்கம் சாய்ப்பதால் மேலெண்ணைப் பெருக்குகின்றன. ஈரம் கீழெண்ணைப் பெருக்குகிறது.

பிற்காலக் கருவிகள் பல இச்சமன்பாட்டின்மீது எழுந்தவை. 1980களில் வந்த பிஹேவ், ஓரிடத்துத் தீயின் வேகத்தையும் தழல் நீளத்தையும் கணக்கிட்டது. 1990களில் மார்க் ஃபின்னி உருவாக்கிய ஃபார்சைட், தீயின் விளிம்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் புதிய நீள்வட்டத் தீயொன்றின் தொடக்கமாகக் கொண்டு, மணிக்கு மணி தீ விரியும் எல்லையை வரைபடத்தில் இட்டது. ஃபிளேம்மேப், ஒரு நிலப்பரப்பு முழுவதிலும் ஒரே வானிலையில் எவ்விடம் எவ்வாறு எரியும் எனக் காட்டி, எங்கே எரிபொருளைக் குறைத்தால் தீயின் ஓட்டம் தடைபடும் என்பதை ஒப்பிட உதவுகிறது.

இவற்றுக்கு எல்லைகளும் உண்டு. அடிப்படைச் சமன்பாடு தரைத்தீக்கு மட்டுமே உரியது. எரிபொருள் சீராகப் பரவியிருப்பதாக அது கொள்கிறது. மரக்கவிகையில் தாவும் தீ, கங்குகள் பறந்து தொலைவில் மூட்டும் தீ ஆகியவற்றைக் கணிக்க வேறு சமன்பாடுகளை இணைக்க வேண்டும்.

தழலின் நீளமும் மனித ஆற்றலும்

தீ பரவும் வேகத்தை மட்டும் அறிவது போதாது. 1959இல் ஜார்ஜ் பைரம் தீமுனைச் செறிவு என்னும் அளவை வகுத்தார். எரிபொருளின் வெப்ப மதிப்பு, ஒரு சதுர மீட்டரில் எரியும் எரிபொருளின் எடை, தீயின் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் அது. மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிலோவாட், அதாவது 1.2 மீட்டர் தழல் என்னும் எல்லைக்குள் இருக்கும் தீயைக் கைக்கருவிகளோடு முன்னின்று தடுக்கலாம். அதைக் கடந்தால் ஆட்கள் தீயின் முகப்பை நெருங்க இயலாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை.

எடுத்துக்காட்டாக, ஹெக்டேருக்கு 6 டன் உலர்சருகும் புல்லும் கிடக்கும் நிலத்தில் தீ நிமிடத்திற்கு 6 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்க. வெப்ப மதிப்பைக் கிலோகிராமுக்கு 18,000 கிலோஜூல் எனக் கொண்டால், தீமுனைச் செறிவு மீட்டருக்கு 1,080 கிலோவாட். தழல் ஏறத்தாழ 1.9 மீட்டர். அந்நிலத்தில் எரிபொருளை 1.5 டன்னாகக் குறைத்தால், வேகம் மாறாதிருப்பினும் செறிவு 270 கிலோவாட்டாகவும் தழல் ஏறத்தாழ 1 மீட்டராகவும் தாழ்கின்றன. காற்றும் வெயிலும் அவையே. ஆயினும் முதல் தீயை விட்டு விலகி ஓட வேண்டும், இரண்டாம் தீயைத் தழைக்கொத்தால் அடித்து அணைக்கலாம். எரிபொருளைக் குறைப்பதன் நோக்கம் தீயே எழாமற் செய்வதன்று. எழும் தீயை மனித ஆற்றலுக்குள் அடங்கச் செய்வதாகும்.

குரங்கணி உணர்த்துவது

சரிவின் விளைவைக் குரங்கணி காட்டுகிறது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஆஸ்திரேலிய அறிஞர் மெக்ஆர்தர் வழிவந்த கணிப்பு விதி. அதன்படி 30 பாகைச் சரிவில் தீ சமநிலத்தைப்போல் எட்டு மடங்கு வேகங்கொள்ளும். அதே சரிவில் ஏறும் மனிதரின் வேகமோ பாதிக்கும் கீழே குறையும். தீக்கு ஏற்றம் துணை, மனிதருக்குத் தடை. மேலும், மலை மடிப்புகளும் குறுகிய ஓடைகளும் புகைபோக்கியைப்போல் வெப்பக்காற்றை மேலிழுப்பதால், ஒதுங்குமிடம் எனத் தோன்றும் பள்ளமே பேரிடராக முடியும். மான் கல்ச்சும் குரங்கணியும் எழுபது ஆண்டு இடைவெளியில் இருவேறு கண்டங்களில் நிகழ்ந்தவை. ஆயினும் உலர்புல், செங்குத்துச் சரிவு, ஓடிய மனிதர் என்னும் கூறுகள் இரண்டிலும் ஒன்றே.

இவ்விபத்திற்குப் பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் 2018இலேயே வகுக்கப்பட்டன. அவை மனிதரின் நடமாட்டத்தை ஒழுங்குபடுத்துவன. சரிவிலுள்ள எரிபொருளோ ஆண்டுதோறும் மழைக்குப்பின் வளர்ந்து மாசியில் காய்ந்துகொண்டே இருக்கிறது.

உண்ணிச்செடியும் சோளகரின் நெருப்பும்

தென்னிந்திய மலைக்காடுகளின் எரிபொருட் சிக்கல் உண்ணிச்செடியோடு பிணைந்தது. வெப்ப மண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி 1809இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்கு அழகுச்செடியாகக் கொணரப்பட்டது. இன்று முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் காடுகளில் ஆள் நுழைய இயலாத புதர்களாக மண்டியுள்ளது. தரைக்கும் மரக்கிளைக்கும் இடையே இது ஏணியாக நின்று, தரைத்தீயை மேலே ஏற்றுகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 4,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு எரிந்தது.

தீ உண்ணிச்செடியைப் பெருக்குகிறதா, உண்ணிச்செடி தீயைப் பெருக்குகிறதா என்பது ஆய்வுலகில் விவாதத்திற்குரியது. அங்கிலா ஹிரேமத், பாரத் சுந்தரம் ஆகியோர் 2005இல் இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி என்னும் கருதுகோளை முன்வைத்தனர். கருநாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் வேறொரு விளக்கம் தருகின்றனர். கோடையின் தொடக்கத்திலேயே சருகு மட்டும் எரியும்படி மெல்லிய தீயிடுவது அவர்தம் மரபு. ‘தரகு பெங்கி’, அதாவது சருகு நெருப்பு, என்பது அதன் பெயர். அந்நெருப்பு உண்ணிச்செடியின் இளங்கன்றுகளைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்றும், அது தடைசெய்யப்பட்ட பின்னரே செடி மண்டியது என்றும் அவர்கள் கூறுகின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களில் தீயிடுதலைத் தடைசெய்கிறது.

இங்குத் தீ அரிதாகிவிட்டது எனக் கொள்வதும் பிழையாகும். முதுமலையில் 1989 முதல் 2002 வரையிலான தரவுகளை ஆராய்ந்தோர், ஓரிடம் மீண்டும் எரிவதற்கான சராசரி இடைவெளி ஏறத்தாழ 3.3 ஆண்டு எனக் கண்டனர். ஆகவே எத்தனை முறை எரிகிறது என்பதோடு, எப்போது, எவ்வளவு எரிபொருளோடு எரிகிறது என்பதையும் சேர்த்தே வினவ வேண்டும். தை, மாசியில் ஈரம் எஞ்சிய சருகில் செல்லும் தீயும், பங்குனி, சித்திரையில் உலர்ந்த புதரில் செல்லும் தீயும் பைரமின் அளவில் வெவ்வேறானவை. ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலத்தில் பழங்குடியினரின் முன்பருவத் தீயிடல் முறை 2006 முதல் ஒழுங்குபடுத்தப்பட்ட திட்டமாகவே நடைபெறுகிறது. சோளகரின் கூற்றை நம்பிக்கையாலோ மறுப்பாலோ தீர்க்கவேண்டியதில்லை; சிறு நிலத்துண்டுகளில் எரிபொருளை எடையிட்டுச் சோதித்தால் தெளியலாம்.

உண்ணிச்செடியை வெட்டி அகற்றுதல் மற்றொரு வழி. அதன் தண்டைக் கொண்டு நீலகிரிப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் உருவாக்கிய யானை உருவங்கள் 2021இல் இலண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2022இல் அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. வெட்டிய தண்டைக் காட்டிலேயே விட்டால் உயிருள்ள எரிபொருள் உலர்ந்த எரிபொருளாக மாறுவதன்றி வேறு பயனில்லை. அகற்றுதல் என்பது வெட்டுதலோடு முடிவதன்று.

செயற்கைக்கோள் கண்ணும் அதன் எல்லையும்

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் மோடிஸ் உணரியின் துணையோடு காட்டுத்தீ எச்சரிக்கைகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பிவருகிறது. 2017 முதல் 375 மீட்டர் துல்லியமுள்ள விர்ஸ் உணரியும் பயன்படுகிறது. நாட்டின் காட்டுப்பரப்பில் ஏறத்தாழ 36 விழுக்காடு அடிக்கடி தீக்குள்ளாகும் இயல்புடையது என்பது இந்நிறுவனத்தின் மதிப்பீடு. இவ்வெச்சரிக்கைகள் தீ இருக்குமிடத்தைச் சொல்கின்றன. அது அடுத்த ஒருமணி நேரத்தில் எங்கே இருக்கும் என்பதற்குப் பரவல் கணிப்பு வேண்டும். கணிப்புக்கோ எரிபொருள் வரைபடம் வேண்டும்.

பயன்பாட்டிலுள்ள எரிபொருள் மாதிரிகள், 1982இல் ஆண்டர்சன் விளக்கிய பதின்மூன்றாயினும் 2005இல் ஸ்காட், பர்கன் வகுத்த நாற்பதாயினும், அமெரிக்க நிலத்தை முன்வைத்து அமைந்தவை. உண்ணிச்செடிப் புதரையோ மூங்கிற் காட்டையோ தென்மலைப் புல்வெளியையோ கருதி வகுக்கப்பட்டவை அல்ல. தென்னிந்தியாவில் தாவர வரைபடமாக்கலுக்கு வலுவான மரபுண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1961இல் வெளியிட்ட குமரிமுனைத் தாவர வரைபடமும், பின்னர் வெளிவந்த மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டு வரைபடங்களும் அதற்குச் சான்று. அவை எவ்விடத்தில் எவ்வகைத் தாவரம் உள்ளது என்பதைக் கூறுகின்றன. அங்கே ஹெக்டேருக்கு எத்தனை டன் சருகு, எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம் என்பன அடுத்து அளக்கப்பட வேண்டியவை.

காரைக்கால்: சரிவற்ற நிலத்தின் கணக்கு

ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழக் காவிரிப் படுகையின் கடலோரத்தில் அமைந்த புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கு மலையில்லை, பெருங்காடும் இல்லை. ரோத்தர்மல் சமன்பாட்டில் சரிவுக்குரிய உறுப்பு அங்கே ஏறத்தாழச் சுழி. ஆனால் காற்றும் எரிபொருளும் எஞ்சுகின்றன. கடற்காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதியில் சருகை அணைவு எல்லைக்கு அருகிலேயே வைத்திருக்கும். அக்கினி நட்சத்திர நாள்களில் நிலத்திலிருந்து வறண்ட மேல்காற்று வீசி, கடற்காற்று பிந்தும்போது அக்காப்பு நீங்குகிறது. ஒருமணி எரிபொருள் உலர அத்தகைய ஒரு முற்பகலே போதும்.

இக்கடலோரத்தின் முதன்மை எரிபொருள் சவுக்குச் சருகு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சோழமண்டலக் கரையெங்கும் சவுக்கு நடுதல் காப்பரணாக ஊக்கம் பெற்றது. சவுக்கின் ஊசிபோன்ற உதிர்சருகு நெருங்கிப் படிந்த நிலையில் மெதுவாக எரியும். மேலே உதிர்ந்த மிளாறு அதைத் தளர்த்திக் காற்றுப் புகச்செய்யும்போது விரைந்து எரியும். எரிபொருளின் நெருக்கம் தீயின் வேகத்தை மாற்றும் என்னும் சமன்பாட்டுக் கூறு இதுவே. தோப்புகளில் சருகைப் பெருக்கி அள்ளி அடுப்பெரிக்கக் கொண்டுசெல்லுதல் கடலோரச் சிற்றூர்ப் பெண்களின் நெடுநாள் வழக்கம். அவ்வேலையைத் தீத்தடுப்பு என எவரும் அழைத்ததில்லை. ஆயினும் தீயின் முன்விளிம்பை இழுத்துச் செல்லும் அதே நுண்ணெரிபொருளையே அவர்கள் நாள்தோறும் அகற்றிவந்தனர். எரிவாயு அடுப்பு பரவுவது கண்ணுக்கும் நுரையீரலுக்கும் பெருநன்மை. அதே வேளையில் அள்ளப்படாத சருகு தோப்பில் தங்குகிறது. முன்பு ஊதியமின்றி நடந்த பணியை இனி திட்டமிட்டு நடத்த வேண்டும்.

புயல் மற்றொரு காரணி. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரைகடந்த கஜா புயல் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரம் முதற்கோடையிலேயே இலையையும் மிளாற்றையும் உலர்ந்த எரிபொருளாகத் தருகிறது. அடுத்தடுத்த கோடைகளில் கிளைகளும் அடிமரமும் அவற்றோடு சேர்கின்றன. ஆகவே புயற்சேதத்தை அகற்றும்போது சாலையை மறித்த பெருமரங்களோடு, தோப்பினுள் குவியும் நுண்கிளைகளையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். 375 மீட்டர் சதுரம் ஏறத்தாழ 14 ஹெக்டேர். கடலோரச் சவுக்குப் பட்டைகள் பல அதனினும் குறுகியவை. எனவே இங்குச் செயற்கைக்கோளினும் ஒரு மீட்டர் சதுரச் சட்டமும் தராசுமே முதற்கருவிகள். சட்டத்தினுள் கிடக்கும் சருகை அள்ளி, உலர்த்தி, எடையிட்டால் எரிபொருட்சுமை கிடைக்கும். எஞ்சியவற்றைப் பைரமின் கணக்கு தரும். காரைக்காலின் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடையில் செய்து முடிக்கத்தக்க அளவு இது.

முடிவுரை

தீப்பரவலைக் கணிக்கும் கருவிகள் மூன்று உண்மைகளை நிலைநாட்டுகின்றன. முதலாவது, தீயின் முகப்பை நடத்திச் செல்வது பெருமரமன்று, புல்லும் சருகும் சுள்ளியுமே. இரண்டாவது, எரிபொருளின் எடையைக் குறைத்தால் அதே வெயிலிலும் காற்றிலும் தீ மனித ஆற்றலுக்குள் அடங்கும். மூன்றாவது, கருவியின் கணிப்பு அதற்குத் தரப்படும் எரிபொருள் அளவைவிடத் துல்லியமாக இருத்தல் இயலாது. சோளகரின் சருகு நெருப்பும் சவுக்குத் தோப்பில் சருகு அள்ளியோரின் வேலையும் முதலிரு உண்மைகளைச் சமன்பாடின்றியே நடைமுறையில் கொண்டிருந்தன. மூன்றாவதற்கு வேண்டிய அளவீடு, குரங்கணியின் புற்சரிவிலும் காரைக்காலின் மணற்கரையிலும் அடுத்த கோடைக்கு முன்னரே தொடங்கப்படத்தக்கது.